கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது?

கல் வைக்க அவசரப்படாதீர்கள். சாத்தான்குளம், முதலூர், இடையன்குடி என்று எங்கள் பக்கம் முழுக்கத் தேரி மண், இறுகாத செம்மணல். குழியை எவ்வளவு மிதித்து மூடினாலும் ஒரு மழைக்காலம் போனால் மண் உள்வாங்கும். நினைவு ஆராதனைக்குள் கல் நின்றாக வேண்டும் என்று மேஸ்திரியை விரட்டிக் கட்டிய கல்லறைகள் தை மாதத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு தடவை இறங்கி மண் படியட்டும். அதுவரை மரச்சிலுவை போதும். மண்ணுக்குள் போகிற பாகத்தில் தார் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் கறையான் விடாது.

அந்த இடைவெளி யோசிப்பதற்குத்தான். நான் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் யாராவது தவறினால், சில மாதம் கழித்து மகனோ மகளோ என்னிடம் வருவார்கள். கிரானைட்டின் நிறம், நீளம், போட்டோ பதிக்கிறதா இல்லையா எல்லாம் முடிவாகியிருக்கும். வசனம் மட்டும், "நீங்களே பார்த்து ஏதாவது போட்டுடுங்க டீச்சர்." எனக்கு இது தலைகீழாகப் படும். ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும்" என்று சத்தமாகச் சொல்கிறோம். அதைச் சொல்ல மிகவும் கஷ்டமான இடம் கல்லறை. அங்கே வாயடைத்துப் போகிறவர்களுக்குப் பதிலாகக் கல் சொல்ல வேண்டும். பட்டம், பதவி எல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வந்தாயிற்று. கல்லில், திரும்ப வரப்போகிற கிறிஸ்துவைப் பற்றி எழுதுங்கள்.

முதலில் பெயர்

பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறபடி எழுதுங்கள். ஊரில் எல்லாரும் வேறு பெயரில் கூப்பிட்டார்கள் என்றால் அதையும் பக்கத்தில் சேர்க்கலாம்.

பழைய கல்லறைகளில் பெண்களுடைய கற்களைப் பாருங்கள். "இன்னாரின் மனைவி" என்று புருஷன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அவள் பெயர் சின்னதாக, சில கற்களில் இல்லவே இல்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். அவர் "மரியாளே" என்று கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் கண்டாள். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயா 43:1 சொல்கிறது. எழுப்புகிறவர் பெயர் சொல்லித்தான் எழுப்புவார் என்று நம்புகிறவர்கள், அம்மாவின் பெயரை அப்பாவின் பெயருக்கு அடியில் ஒளித்துவைக்கக் கூடாது.

சாதிப் பட்டம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். சில வீட்டில் முகம் மாறும். "தாத்தா கல்லில் இருக்கே டீச்சர்" என்பார்கள். இருக்கட்டும், அது தாத்தா காலம். படிப்பும் உத்தியோகமும் ஒரு வரிக்குள் நின்றால் ஆட்சேபம் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று போடுங்கள், ஆனால் எந்தெந்தப் பள்ளி, எந்தெந்த வருஷம் என்பதெல்லாம் சர்வீஸ் ரெஜிஸ்டரிலேயே இருக்கட்டும்.

தஞ்சாவூரில் 1798இல் இறந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்கு (போதகரை நாங்கள் ஐயர் என்போம்), அவரைத் தகப்பனாகவே நினைத்த சரபோஜி மன்னர் ஆங்கிலத்தில் கவிதையாகவே கல்லறை வாசகம் எழுதினார். அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று அதில் வரும். அரசர்களோடு பேச்சு நடத்தின மனுஷன் அவர், அதையே பத்து வரி எழுதியிருக்கலாம். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து 1951இல் மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தன் கல்லறைக்குக் கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். போய்ப் பார்த்தால் உங்களுக்கே சில வரிகளை அடித்துவிடத் தோன்றும்.

வசனம் தேர்ந்தெடுக்க

என்னிடம் ஒரே ஒரு சோதனை இருக்கிறது. அந்த வசனத்தில் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். இறந்தவரே பேசுவதுபோல் இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். கிறிஸ்து பேசுவதாக இருந்தால் தைரியமாகப் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். எங்கள் பக்கம் அதிகம் வெட்டப்படுகிற வசனம் 2 தீமோத்தேயு 4:7. "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." மரணத்தை எதிர்பார்த்துப் பவுல் தன்னைப் பற்றி எழுதினது. அந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் சபைத் தேர்தல் வழக்குக்காக மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தே முடி நரைத்த ஒருவர் கல்லில் இதைப் போட்டால், பக்கத்தில் நிற்கிறவன் "எந்தப் போராட்டம்? கோர்ட்டிலயா?" என்று முணுமுணுப்பான். நான் காதால் கேட்டது இது. அதற்குப் பதிலாக யோவான் 11:25. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." கல்லுக்கு அடியில் படுத்திருக்கிறவரின் யோக்கியதையை யாரும் விசாரிக்கத் தேவையில்லை. பாரம் முழுவதும் சொன்னவர் மேல் இருக்கிறது.

வேறொன்று வேண்டுமென்றால் யோவான் 14:19: "நான் பிழைக்கிறபடியினால் நீங்களும் பிழைப்பீர்கள்." கூடப்பிறந்தவனுக்குக் கல் வைக்கிறவர்களுக்கு யோவான் 11:23: "உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான்." மார்த்தாளுக்குச் சொன்னது. பெத்தானியாவில் அதைச் சொன்ன பிறகுதான் இயேசு கண்ணீர் விட்டார் என்பதையும் மறக்க வேண்டாம். நம்பிக்கை இருந்தால் அழக் கூடாது என்று துக்க வீட்டில் சொல்கிற பெரியவர்கள் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்ததில்லை.

புருஷன் மனைவி சேர்ந்த கல்லறைக்கு நான் எப்போதும் சொல்வது 1 தெசலோனிக்கேயர் 4:17இன் கடைசிப் பகுதி. "இவ்விதமாய் நாம் எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்." கி.பி. 50 வாக்கில் பவுல் அந்தச் சபைக்கு எழுதின நிருபம் அது. ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள், அதற்குள் அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். செத்தவர்களுக்கு அந்த நாளில் பங்கு கிடைக்காமல் போய்விடுமோ என்று கலக்கம். பவுல் நேராகப் பதில் சொல்கிறார்: கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பிறகுதான் உயிரோடிருக்கிற நாம். வரிசையில் முந்தினவர்கள் அவர்கள்தான். முந்தின 16ஆம் வசனத்தையும் சேர்த்து முழுவதையும் வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. எக்காளம், பிரதான தூதன், மேகம் எல்லாம் வந்தால் கல்லில் மூச்சுவிட இடம் இருக்காது. "நாம்" என்ற சொல்தான் அதில் முக்கியம். நின்று வாசிக்கிறவரையும் அது சேர்த்துக்கொள்கிறது.

குழந்தை இறந்த வீட்டில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். யோபு தன் பிள்ளைகளை இழந்து தானே சொன்ன வார்த்தை அது. பெற்றவள் தானாக அதைச் சொன்னால் சரி. மாமனாரும் சபை மூப்பரும் சேர்ந்து அவளுக்காகத் தீர்மானிக்கக் கூடாது. "சிறுபிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" (மாற்கு 10:14) போதும். தற்கொலை, விபத்து என்று ஊர் வாயில் விழுந்த மரணங்களுக்கு சங்கீதம் 139:8ஐப் பாருங்கள்: "நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்." அல்லது வெளிப்படுத்தின விசேஷம் 21:4, "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்." அந்த வீட்டார் பல வருஷம் அந்தக் கல்லின் முன்னால் வந்து நிற்கப்போகிறார்கள். அவர்களைக் குத்துகிற எந்த வரியும் வேண்டாம்.

உடலே கிடைக்காதவர்களும் உண்டு. 2017 ஒக்கிப் புயலில் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து போனவர்கள் பலர் திரும்பவில்லை. குழி இல்லாமல் பெயர்க் கல் மட்டும் வைக்கிற வீட்டாருக்கு வெளிப்படுத்தின விசேஷம் 20:13 இருக்கிறது: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கல்லில் படம் வேண்டுமென்றால் நங்கூரம் போடலாம். ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளில் அது நிறைய உண்டு. எபிரெயர் 6:19இல் நம்பிக்கையை "ஆத்தும நங்கூரம்" என்று சொல்லியிருக்கிறது. கடலோடிக் குடும்பத்துக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற வழக்கைக் கல்லில் தீர்க்கப் பார்க்காதீர்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கள்ளனுக்குச் சொன்னதும் வேதத்தில் இருக்கிறது, மரித்தவர்கள் நித்திரையாயிருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இயேசுவின் வருகை வரைக்கும் உறக்கம் என்பார்கள், கத்தோலிக்கர் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவார்கள், எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) மரித்தவருக்காக ஜெபிக்கிற வழக்கமில்லை. ஆகவே சி.எஸ்.ஐ. கல்லறையில் "ஆத்துமா சாந்தியடைய வேண்டுகிறோம்" என்று போட்டால் ஐயர் புருவத்தைத் தூக்குவார். "கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்" என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எல்லாச் சபைக்கும் பொதுவானது கடைசி நாளில் எழுப்புவார் என்பது. அதன்மேல் நில்லுங்கள்.

இரண்டாவது, ஆண்டவர் திரும்ப வருகிற நாளைக் குறிக்கிற எதையும் எழுதாதீர்கள். "இந்தத் தலைமுறை முடியுமுன்" என்று சேர்க்கச் சொல்லி ஒரு ஜெபக்குழுவார் கேட்டார்கள். கிரானைட் நூறு வருஷம் நிற்கும் பொருள். அமெரிக்காவில் மில்லர் என்ற பிரசங்கியாரின் கூட்டத்தார் 1844இல் வருவார் என்று காத்திருந்தார்கள், திருவிதாங்கூரில் யுயோமயம் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1881இல் காத்திருந்தார்கள், இரண்டு தேதியும் வந்து போயின. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 தெளிவாகச் சொல்கிறது. "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்று எழுதுங்கள். ஜெபமாக இருந்தால் அது காலாவதியாகாது.

எழுத்து வெட்டும் கடையில்

வசனத்தை வாட்ஸ்ஆப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நம் போனில் இருப்பது யூனிகோட். கடையில் கோரல் டிராவில் வைத்திருப்பது பெரும்பாலும் பழைய எழுத்துரு. ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். "தேவனோடு" என்பது கண்கொண்டு பார்க்க முடியாத ஒன்றாக வரும். தாளில் பெரிய எழுத்தில், வரி வரியாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள் நீளம், ஆகவே எங்கே மடிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். "ஜீவனுமாயி" என்று ஒரு வரி, "ருக்கிறேன்" என்று அடுத்த வரி வெட்டியிருக்கும் கல் பக்கத்து ஊரில் இன்றும் நிற்கிறது. இப்படிப் பிரியுங்கள்:

நானே
உயிர்த்தெழுதலும்
ஜீவனுமாயிருக்கிறேன்
யோவான் 11:25

கத்தோலிக்கர் பயன்படுத்துகிற திருவிவிலியத்தில் இதே வசனம் "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்று ஒரே வரியில் அடங்கும். கல் சின்னது என்றால் யோசிக்கலாம். எதை எடுத்தாலும் அந்தப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

பிறகு, எழுத்து வெட்டக் கல்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரை வெட்டுவதற்கு முன் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். துக்கத்தில் இருக்கிற கண்ணுக்குப் பிழை தெரியாது. முக்கியமாக ரகரம், றகரம். "கர்த்தருக்குள் மறித்தார்" என்று வெட்டினால் அவர் சாலை மறியல் செய்ததாக அர்த்தம். பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டையும் கழித்துப் பார்த்து வயது சரியா என்று பாருங்கள்.

அப்புறம் புள்ளி. "கர்த்தர்" என்ற ஐந்து எழுத்தில் மூன்று புள்ளி. எழுத்து சின்னதாக இருந்தால் பெயிண்ட் அடைத்தோ, ஸ்டிக்கரிலிருந்து உதிர்ந்தோ, "கரததர" என்று ஆகிவிடும். வாசகத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. தமிழுக்கு மேலும் கீழும் சுழியும் காலும் வருவதால் வரிகளுக்கு நடுவிலும் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். லேசர் வேலை பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் மேலோட்டம்தான். மணல் பீய்ச்சியோ உளியாலோ ஆழமாக வெட்டின எழுத்து என்றால், தங்கப் பெயிண்ட் உதிர்ந்த பிறகும் விரலால் தடவி வாசிக்கலாம், மறுபடியும் பூசலாம். பெயிண்ட் உதிரத்தான் செய்யும், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

நிறுத்துவது

சேகர கமிட்டியிடம், அதாவது சபை நிர்வாகக் குழுவிடம், எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். சில இடங்களில் கல்லறை கட்டவே விடமாட்டார்கள், தலைமாட்டில் பலகைக் கல் மட்டும்தான். நகரங்களில் இடநெருக்கடி அதிகம், ஒரே குடும்பக் குழியைத் திரும்பத் திறக்க வேண்டி வரும். அதனால் கல்லில் கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள். உயிரோடு இருக்கிற துணையின் பெயரையும் இப்போதே வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விடுகிற வழக்கம் இருக்கிறது. செலவு மிச்சம்தான். ஆனால் அந்த ஆச்சியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், சிலருக்கு அன்றிரவு தூக்கம் வராது.

திசையை மேஸ்திரியிடம் விடாதீர்கள். மேற்கே தலை, கிழக்கே கால் வைத்து அடக்கம் செய்வது பழைய கிறிஸ்தவ வழக்கம். மின்னல் கிழக்கிலிருந்து தோன்றி மேற்குவரைக்கும் பிரகாசிக்கிறதுபோல மனுஷகுமாரனுடைய வருகை இருக்கும் என்ற மத்தேயு 24:27ஐ வைத்து, எழுந்திருக்கிறவர் கிழக்கு முகமாக எழட்டும் என்பது எண்ணம். வேறு திசையில் புதைத்தால் எழுப்பமாட்டார் என்று யாரும் சொல்லவில்லை, சுடுகாட்டில் எரித்தவரையும் அவர் எழுப்புவார். ஆனால் வரிசை முழுக்கக் கிழக்கு பார்த்திருக்கும்போது உங்கள் கல் மட்டும் பாதையைப் பார்த்து நிற்க வேண்டாம். எழுத்து கிழக்குப் பக்கம் இருந்தால், ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போகும்போது முதல் வெயில் வாசகத்தின்மேல் விழும். வெட்டின எழுத்தை வாசிக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை.

கழுவுவதற்குத் தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டு போய்விடாதீர்கள், மார்பிளை அது தின்றுவிடும். மெழுகு உருகி ஒட்டியிருந்தால் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டினால் வந்துவிடும், கத்தி வேண்டாம்.

உங்களுக்கு என்ன வசனம் வேண்டும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம். நானும் எழுதி வைத்திருக்கிறேன். அதை உங்கள் பைபிளுக்குள் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் பக்கம் அந்தப் பைபிளைக் கையில் கொடுத்துப் பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள், தாளும் கூடவே போய்விடும். ரேஷன் கார்டு இருக்கிற கவரில் வையுங்கள். இறப்புச் சான்றிதழுக்காக எப்படியும் அதைத் தேடி எடுப்பார்கள்.